ஒரு பைக் திருட்டுப் புகார்: மண்டப வாசலில் இருந்து கோர்ட் வாய்தா வரை

போன வருடம் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போன இடத்தில் என் மச்சினனின் பைக் திருடு போனது. புகார் கொடுத்தோம், அலைந்தோம், வழக்கு இன்னும் நடக்கிறது. இடையில் அந்தப் புகார் எந்தெந்த மேசைக்குப் போனது, எங்கே படுத்துத் தூங்கியது, எந்தக் காகிதம் கடைசியில் காப்பாற்றியது என்பதைத்தான் எழுதப்போகிறேன். நான் வக்கீல் இல்லை, கூடவே அலைந்தவன். ஊர், ஸ்டேஷன் பெயரெல்லாம் வேண்டாம். தமிழ்நாட்டில் ஒரு மாவட்டம் என்பது போதும்.

மாலை ஏழரைக்கு மண்டபத்துக்கு வெளியே ரோட்டோரம் நிறுத்தியிருக்கிறான். பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் வண்டி இல்லை. முதல் அரை மணி நேரம் எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம்: யாராவது தெரிந்தவர் எடுத்துப் போயிருப்பாரோ, டிராஃபிக் போலீஸ் தூக்கிப் போயிருக்குமோ, வேறு இடத்தில் நிறுத்திவிட்டு மறந்துவிட்டானோ என்று தெரு முழுக்கத் தேடினோம். அந்த நேரத்தில் 112-க்கு ஒரு போன் அடித்திருந்தால் எத்தனை மணிக்குச் சொன்னோம் என்பதாவது பதிவாகியிருக்கும். யாருக்கும் தோன்றவில்லை.

பதினொரு மணிக்கு நேராக எங்கள் வீட்டுப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனோம், அங்கே ஒரு ஏட்டையாவைத் தெரியும் என்பதால். அவர் கேட்டுவிட்டு, "மண்டபம் எங்க லிமிட்ல வராது தம்பி, அங்க போய்க் குடுங்க" என்றார். சட்டப்படி இது சரியான பதில் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்று சொல்கிறது. ஜீரோ எஃப்ஐஆர் என்று பேப்பரில் படித்திருப்பீர்கள், அதுதான். ஆனால் என்னைக் கேட்டால், பைக் திருட்டுக்காக அந்த நேரத்தில் அந்த உரிமைக்குச் சண்டை போடுவது வீண். ஜீரோவாகப் பதிந்தாலும் வழக்கு அந்த ஸ்டேஷனுக்குத்தான் மாறிப் போகும், இடையில் சில நாள் போய்விடும். அடிதடி, பாலியல் குற்றம், வெளியூரில் வழிப்பறி, இப்படி உடனே பதிவாக வேண்டிய, திரும்பிப் போக முடியாத விஷயங்களில் மட்டும் விடாமல் நின்று கேளுங்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் கதையே வேறு, ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன்பே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அடிக்க வேண்டும், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள்.

சரி, மண்டபத்து எல்லை ஸ்டேஷனுக்கு வந்தோம். வாசலில் பாரா நிற்பவரிடம் சொல்லி, உள்ளே ரைட்டரிடம் போனால், "எழுதிட்டு வாங்க" என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். வாயால் சொன்னாலே அவர்கள் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும் என்பதுதான் சட்டம். நடைமுறையில் எழுதத் தெரிந்தவர் கையில் தாள்தான் வரும். அதில் ஒரு நல்லதும் இருக்கிறது, உங்கள் வார்த்தை உங்கள் வார்த்தையாகவே இருக்கும்.

மச்சினன் எழுதிய முதல் புகாரைப் படித்துப் பார்த்தேன். இரண்டு பக்கம். கடன் வாங்கி வண்டி எடுத்தது, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக அதுதான் இருந்தது, இப்படி ஒரு பக்கம். அடுத்த பக்கத்தில், மண்டபத்தில் வண்டி நிறுத்த இடம் காட்டிய பையன் மேல் சந்தேகம் இருப்பதாக ஒரு பத்தி. ஏன்டா அவன் மேல் சந்தேகம் என்றால், "பார்வையே சரியில்ல மாமா" என்றான். அந்தப் பத்தியை அடித்துவிடச் சொன்னேன். காரணம் சொல்ல முடியாத சந்தேகத்தில் ஒரு பெயரை எழுதினால் முதலில் தூக்கிவரப்படுவது அந்தப் பெயர்தான், அப்புறம் உண்மையான ஆளைத் தேடுகிற வேகம் போய்விடும். தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் பிஎன்எஸ் என்கிற புதிய தண்டனைச் சட்டத்தின் 217-ல் நம் மேலேயே வழக்கு வரும் என்பது வேறு.

திரும்ப எழுதியது முக்கால் பக்கம். பெறுநர் காவல் ஆய்வாளர் அவர்கள், பொருள், எங்கே நிறுத்தினேன், எப்போது பார்த்தேன், எங்கெல்லாம் தேடினேன், வண்டியின் நிறம், மாடல், பதிவு எண். டிஜிலாக்கரில் ஆர்சி இருந்ததால் இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் எழுத முடிந்தது. அந்த இரண்டு நம்பர்தான் ஏழு மாதம் கழித்து வேலை செய்தது, அதைப் பிறகு சொல்கிறேன். சாவி இரண்டும் தன்னிடமே இருப்பதாக ஒரு வரி. ஹேண்டில் லாக் போட்டானா என்று அவனுக்கே நிச்சயமில்லை. "போட்டேன்னு எழுதிடவா மாமா?" என்றான். வேண்டாம், நிச்சயமில்லாததை எழுதாதே என்றேன்.

ஒரு தப்பு மட்டும் என் கண்ணிலும் படவில்லை. "இரவு சுமார் 9 மணியளவில் திருடு போனது" என்று எழுதியிருந்தான். அவன் பார்த்தது பத்து மணிக்கு, நிறுத்தியது ஏழரைக்கு, இடையில் 9 என்பது வெறும் ஊகம். "7.30-க்கும் 10-க்கும் இடையில்" என்று எழுதியிருக்க வேண்டும்.

புகாரை வாங்கிக்கொண்டு ஒரு சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள். "தேடிப் பாருங்க, நாங்களும் பாக்குறோம், ரெண்டு நாள் கழிச்சு வாங்க." மச்சினன் வெளியே வந்து, எஃப்ஐஆர் போட்டாச்சு என்று அவன் அம்மாவுக்கு போனில் சொன்னான். இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனை பேர் மாதக்கணக்கில் ஏமாந்திருப்பார்கள் என்று தெரியவில்லை. சிஎஸ்ஆர் என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது. அதில் ஒரு எண்ணும் வருடமும் இருக்கும், குற்றப் பிரிவு எதுவும் இருக்காது. வழக்கு பதிவாகவில்லை என்றுதான் அதற்குப் பொருள். எஃப்ஐஆர் என்றால் குற்ற எண், சட்டப் பிரிவு, சம்பவ நேரம், தகவல் கிடைத்த நேரம் எல்லாம் போட்ட படிவம்; அதன் நகல் மாஜிஸ்திரேட்டுக்குப் போகும், உங்களுக்கும் ஒன்று இலவசமாகத் தர வேண்டும்.

திருட்டு போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம். அப்படிப்பட்ட குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தாலே எஃப்ஐஆர் போட வேண்டியது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரில் சொல்லிவிட்டது. குடும்பத் தகராறு, வியாபாரத் தகராறு, மருத்துவ அலட்சியம், ஊழல், ரொம்பத் தாமதமாக வந்த புகார் மாதிரியானவற்றில் மட்டும் முதலில் விசாரித்துப் பார்க்கலாம் என்று விட்டுவைத்தது. புதிய சட்டம் இதில் ஒரு ஜன்னலைத் திறந்திருக்கிறது: மூன்று வருடம் அல்லது அதற்கு மேல், ஏழு வருடத்துக்குக் கீழ் தண்டனை உள்ள குற்றங்களில், டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதியோடு, முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்க 14 நாள் எடுத்துக்கொள்ளலாம். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று வருடம், அதனால் இதைக் காட்டிப் பேசுவார்கள். அப்படிச் சொன்னால் டிஎஸ்பி அனுமதி வாங்கியிருக்கிறீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். எங்கள் விஷயத்தில் யாரும் எந்த அனுமதியும் கேட்கவில்லை, மனு மேசையில் கிடந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் மச்சினன் உருப்படியாக ஒன்று செய்தான். மண்டப மேனேஜரைப் பிடித்து சிசிடிவியைப் பார்த்தான். 8.20-க்கு ஒருத்தன் வருகிறான், வண்டி மேல் சாய்ந்து போன் பேசுவது போல நிற்கிறான், ஒரு நிமிடத்தில் தள்ளிக்கொண்டு போய்விடுகிறான். அவ்வளவு லேசாக உருட்டினான் என்றால் ஹேண்டில் லாக் போடவில்லை என்று புரிந்துவிட்டது. திரையை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வந்தான். ஆனால் போனில் எடுத்தது போலீசுக்குத் துப்புக்கு உதவும், கோர்ட்டில் சாட்சியமாக நிற்பது கஷ்டம். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் வர வேண்டும், அது மூலக் கருவியில் இருந்து முறையாக எடுத்ததற்குத்தான் கிடைக்கும். சிசிடிவி பதிவாகும் டிவிஆர் பெட்டிகள் பெரும்பாலும் சில நாளில் பழையதை அழித்து மேலேயே எழுதிக்கொண்டு போகும். அதனால் புகாரிலேயே "இன்ன இடத்தில் சிசிடிவி இருக்கிறது, அழியும் முன் கைப்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். நாங்கள் எழுதவில்லை. எஃப்ஐஆர் போட்டு அதிகாரி மண்டபத்துக்குப் போனபோது அந்த நாளின் பதிவு போயே போய்விட்டது.

நான்காம் நாள் போனால் எஸ்ஐ பந்தோபஸ்தில் இருந்தார், ஏதோ தலைவர் வருகை. அதைக் குறை சொல்லவும் முடியாது, ஒரே ஆள் மனு விசாரிக்கிறார், கோர்ட்டுக்குப் போகிறார், வெயிலில் ரோட்டில் நிற்கிறார். இருந்த ஏட்டு ஒரு யோசனை சொன்னார்: "வண்டி தேடிட்டு இருக்கேன், இப்ப மேல் நடவடிக்கை வேண்டாம், கிடைக்கலன்னா திரும்ப வர்றேன்னு எழுதிக் குடுங்க தம்பி, மனுவ முடிச்சு வச்சிடுவோம்." பார்க்க நல்ல வார்த்தைதான். மச்சினன் பேனாவை எடுத்துவிட்டான். நான் கையைப் பிடித்தேன். அந்த ஒரு வரி எழுதிக் கொடுத்தால் சிஎஸ்ஆர் க்ளோஸ். அப்புறம் நாம் வந்து நின்றால், நீங்களே வேண்டாமென்று எழுதினீர்களே என்ற கேள்வி வரும், இன்சூரன்ஸ்காரனும் அதையே கேட்பான். வீட்டில் பேசிவிட்டு வருகிறோம் சார் என்று சொல்லிக் கிளம்பினோம். சத்தம் போடவில்லை, சட்டப் பிரிவும் பேசவில்லை. ஸ்டேஷனில் சட்டம் பேசினால் வேலை நடக்கும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை பேசிப் பாருங்கள்.

ஆறாம் நாள், பிஎன்எஸ்எஸ் 173(4)-ல் சொல்லியிருக்கிறபடி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. மாநகரமாக இருந்தால் கமிஷனர் அலுவலகம். அதில் யார் மேலும் குற்றச்சாட்டு இல்லை. இன்ன தேதியில் புகார் கொடுத்தேன், சிஎஸ்ஆர் எண் இது, இதுவரை வழக்குப் பதிவாகவில்லை, இன்சூரன்சுக்கு எஃப்ஐஆர் தேவைப்படுகிறது, நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன். கூடவே புகார் நகல், சிஎஸ்ஆர் நகல். இதற்கும் அசையவில்லை என்றால் அடுத்த படி மாஜிஸ்திரேட் கோர்ட், 175(3)-ல் பிரமாணப் பத்திரத்தோடு மனு. எஸ்பிக்கு எழுதாமல் நேரடியாக அங்கே போனால் மனு நிற்காது, அதனால்தான் தபால் ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொல்வது. நேரே ஹைகோர்ட்டுக்கு ஓட வேண்டாம், மாஜிஸ்திரேட்டிடமே தீர்வு இருக்கிறது என்று 2007-ல் சகிரி வாசு வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

எங்களுக்கு அது தேவைப்படவில்லை. ஒன்பதாம் நாள் ஸ்டேஷனில் இருந்தே போன், "வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க." பிஎன்எஸ் 303(2), எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், அடையாளம் தெரியாத நபர். நகல் உடனே கொடுத்தார்கள். அந்த நகலை அங்கேயே உட்கார்ந்து முழுக்கப் படிக்க வேண்டும், நாங்கள் படித்தோம். தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில், புகார்தாரர் பல இடங்களில் தேடிவிட்டுத் தாமதமாக வந்து புகார் கொடுத்ததாக எழுதியிருந்தது. தகவல் கிடைத்த தேதியும் அன்றைய தேதி. அதாவது எட்டு நாள் தாமதம் எங்கள் தலையில். சிஎஸ்ஆர் ரசீதை எடுத்துக் காட்டி, முதல் நாளே கொடுத்தது இதுதானே சார் என்று கேட்டதும், சிஎஸ்ஆர் எண்ணையும் அதன் தேதியையும் விசாரணையில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார் எஸ்ஐ, அதேபோலச் சேர்த்தார். நான் அதுவரை மதிக்காமல் இருந்த ரசீதுதான் அங்கே காப்பாற்றியது. அதற்குப் பிறகு இன்சூரன்சிலும் அதுதான். போலீசில் உடனே சொல்லியிருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் வைத்துத் திருட்டு க்ளெய்மை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லியிருக்கிறது. உடனே சொன்னதற்கு எங்களிடம் இருந்த ஆதாரம் அந்தத் துண்டுச் சீட்டுதான்.

அப்புறம் விசாரணை. அதிகாரி மண்டபத்துக்கு வந்து சம்பவ இடத்தைப் பற்றிய பார்வை மகஜர் எழுதினார், ரஃப் ஸ்கெட்ச் போட்டார், மேனேஜரும் எதிர்க்கடைக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். மச்சினனிடம் தனியாக வாக்குமூலம். இந்த 9 மணி விவகாரத்தை அப்போது சொன்னான், சிசிடிவியில் 8.20 என்று. எஃப்ஐஆரில் எழுதியதைத் திருத்த முடியாது, ஆனால் பிஎன்எஸ்எஸ் 180-வது பிரிவு வாக்குமூலத்தில் விளக்கிச் சொல்லலாம், அது ஆவணத்தில் சேரும். அதில் கையெழுத்து வாங்கவில்லையே என்று அவனுக்கு பயம். வாங்கக் கூடாது என்பதுதான் சட்டம், போலீசிடம் கொடுக்கும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்து இருக்காது. சாட்சியாக விசாரிக்கப் பெண்களையும், 15 வயதுக்குக் கீழ் அல்லது 60 வயதுக்கு மேல் உள்ள ஆண்களையும், உடல்நிலை ரொம்ப முடியாதவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை பாட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப் போகிறோம்.

அதன் பிறகு நீண்ட மௌனம். புலன்விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும் என்று 193-வது பிரிவில் இருக்கிறது, எலக்ட்ரானிக் முறையிலும் சொல்லலாம். எதுவும் வரவில்லை. தொண்ணூற்றைந்தாவது நாளோ என்னவோ, எஃப்ஐஆர் எண்ணைப் போட்டு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து ஸ்டேஷனில் ஒப்புகை வாங்கினோம், வாய்மொழியாக "தேடிட்டுதான் இருக்கோம்" என்றார்கள். ஐந்தாம் மாதம் ஆர்சிஎஸ் நோட்டீஸ் வந்தது, கண்டுபிடிக்க முடியாத வழக்காக முடிப்பதாக. இந்த நோட்டீஸ் வந்தால் பயந்தோ சலித்தோ மூலையில் போட்டுவிடாதீர்கள். வழக்கை முடிக்கும் அறிக்கையை மாஜிஸ்திரேட் ஏற்கும் முன் புகார்தாரரின் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது 1985-ல் இருந்தே உள்ள தீர்ப்பு. ஆட்சேபணை இருந்தால் கோர்ட்டில் மனு போடலாம், மேலும் விசாரிக்க உத்தரவு கேட்கலாம். "பொருண்மைப் பிழை" என்று, அதாவது நீங்கள் சொன்ன சம்பவமே நடக்கவில்லை என்ற பொருளில் முடித்திருந்தால் கட்டாயம் ஆட்சேபிக்க வேண்டும். எங்களுடையது கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான், இன்சூரன்சும் அதைத்தான் கேட்டது, அதனால் ஆட்சேபிக்கவில்லை. முழு இன்சூரன்ஸ் இருந்ததால் க்ளெய்ம் நகர்ந்தது. தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் திருட்டுக்கு ஒரு ரூபாய்கூட வராது. கம்பெனி அனுப்பிய ஆள் இரண்டு சாவியையும் வாங்கிக்கொண்டு அதே 9 மணி, 8.20 கேள்வியைக் கேட்டார். வாக்குமூலத்தில் விளக்கியிருக்கிறோம் என்றதும் விட்டுவிட்டார்.

பணம் வருவதற்குள் வண்டி வந்துவிட்டது. ஏழாம் மாதம், வேறு ஒரு ஸ்டேஷன் எல்லையில் வாகனச் சோதனை, போலி நம்பர் பிளேட், ஓட்டியவன் கையில் எந்தக் காகிதமும் இல்லை. சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தால் எங்கள் எஃப்ஐஆர் வந்து நின்றது. பதிவு எண் மட்டும் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. மூடிய வழக்கைக் கோர்ட்டுக்குத் தெரிவித்து மறுபடி திறந்தார்கள். பிடிபட்டவன் போலீசிடம் என்ன ஒப்புக்கொண்டாலும் அது கோர்ட்டில் செல்லாது, அவன் சொல்லிக் கண்டெடுத்த பொருள் அளவுக்குத்தான் செல்லும். ஆனால் வண்டியே அவன் கையில் இருந்தது.

வண்டி கிடைத்துவிட்டது, போய் எடுத்துக்கொள்ளலாம் என்று மச்சினன் கிளம்பினான். அப்படி எடுக்க முடியாது, அது இப்போது வழக்குச் சொத்து. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 497, 503 பிரிவுகளில் மனு போட வேண்டும், இதற்கு மட்டும் வக்கீல் வைத்தோம். ஆர்சி, இன்சூரன்ஸ், எஃப்ஐஆர் நகல், அடையாள அட்டை, ஒரு ஜாமீன்தார், பாண்டு. வண்டியை ஸ்டேஷனில் துருப்பிடிக்க விடக் கூடாது, படம் எடுத்து வைத்துக்கொண்டு உரியவரிடம் சீக்கிரம் கொடுங்கள் என்று 2002-லேயே சுந்தர்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீல் மனுவில் எழுதினார். உத்தரவு கிடைத்தது, நிபந்தனையோடு: விற்கக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது, கூப்பிடும்போது கொண்டுவர வேண்டும். பேட்டரி இல்லை, கண்ணாடிகள் இல்லை, டேங்க் முழுக்கக் கீறல். திருட்டு க்ளெய்ம் ரிப்பேர் க்ளெய்மாக மாறியது. ஒருவேளை பணம் வந்த பிறகு வண்டி கிடைத்திருந்தால் அது இன்சூரன்ஸ் கம்பெனியுடையது, அதையும் சொல்லிவைக்கிறேன், நிறையப் பேருக்குத் தெரியாது.

குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகிவிட்டது. மச்சினன்தான் முதல் சாட்சி. சம்மன் வந்து மூன்று முறை போய்வந்தான், ஒருமுறை எதிரியை வேறு வழக்குக்காக இருந்த சிறையில் இருந்து கொண்டுவரவில்லை, ஒருமுறை அரசு வக்கீல் லீவு, ஒருமுறை நேரமில்லை. போன வாய்தாவுக்கு நானும் கூடப் போனேன். வண்டியையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கோர்ட் வளாகத்தில் வேப்பமரத்தடியில் நிறுத்தி, ஹேண்டிலை முழுக்க ஒடித்து லாக் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்து, நாலடி நடந்துவிட்டுத் திரும்ப வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தான்.